நுரையில் தங்கும் மஞ்சள்

பள்ளி அறிவியல் கண்காட்சி எதுவானாலும் ஒரு மேசையைச் சுற்றி மட்டும் கூட்டம் கலையாமல் நிற்கும். கூம்புக் குடுவையில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு, அதனோடு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்த மாணவி பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் சட்டென்று ஊற்றிவிட்டுப் பின்வாங்குகிறாள். மறுநொடி குடுவையின் கழுத்தை நெரித்துக்கொண்டு நுரை கிளம்புகிறது. ஆவி பறக்கத் தடித்த தூணாக எழுந்து, தன் பாரம் தாங்காமல் மேசைமேல் சரிகிறது. யானைப் பற்பசை என்று இதற்குச் செல்லப்பெயர். மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் 3 சதவீதக் கரைசலும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் இருந்தால் இதையே சாதுவாகச் செய்து பார்க்கலாம்; 30 சதவீதக் கரைசல் தோலைப் பொசுக்கும், ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. பார்த்து நிற்கும் சிறுவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: இத்தனையும் எங்கிருந்து வந்தது? போகிறபோக்கில் கேட்டதுபோல் இருக்கும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் வாதாடின. அந்த வாதத்தில் பெரும்பாலும் ஓரமாக நிற்கும் ஒன்றைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்: சேர்ந்ததும் வினையை நடத்திவைத்து, எல்லாம் முடிந்தபின் குடுவையின் அடியில் மிஞ்சிக் கிடக்கும் அயோடைடு.

காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்பது சற்காரியவாதம். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இந்தப் பக்கம். எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் ஆட்டும்போது வருகிறது, மணலை ஆட்டினால் வருவதில்லை. இல்லாதது ஒருநாளும் தோன்றாது என்பது அவர்கள் கட்சி. நியாய வைசேடிகர் மறுக்கிறார்கள். குடம் மண்ணுக்குள் முன்பே இருந்தால் குயவனுக்கு என்ன வேலை? வனையும்வரை குடத்துக்கு முன்னபாவம்தான், அதாவது தோன்றுமுன் இல்லாமைதான். வனைந்த பிறகே அது புதிதாக உண்டாகிறது. இரு கட்சியையும் நம் குடுவைக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கலாம். பெராக்சைடு மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள். இரண்டு மூலக்கூறுகள் சிதைந்தால் இரண்டு நீர் மூலக்கூறும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் கிடைக்கும். ஆய்வகத்தில் 100 வால்யூம் என்று எழுதிய புட்டி இருக்கும்; ஒரு பங்கு திரவம் நூறு பங்கு ஆக்சிஜனைத் தரும் என்று அதற்குப் பொருள். அந்தப் புட்டியிலிருந்து 100 மில்லி லிட்டர் எடுத்தால் ஏறத்தாழ 10 லிட்டர் வாயுவும் 88 கிலோ ஜூல் வெப்பமும் வெளிவரும். அணுக்களில் ஒன்றுகூடப் புதிதல்ல. ஆற்றலும் பிணைப்புகளில் ஏற்கெனவே இருந்ததுதான். இந்த மட்டில் எள்ளும் எண்ணெயும் சொன்னவர்கள் சரி. ஆனால் நுரை என்கிற அந்த வடிவம், குமிழியின் மெல்லிய சுவர், தூணாக எழும் பாங்கு, இவை எந்த மூலக்கூறுக்குள்ளும் இல்லை. வாயுவும் நீரும் சோப்பும் கூடியபோதுதான் அது உண்டாயிற்று. அங்கே குடம் சொன்னவர்களும் சரி.

இப்படிப் பங்கு பிரித்துக் கொடுத்த பிறகும் ஒன்று மிச்சப்படுகிறது. அயோடைடு சேருவதற்கு முன்னும் பெராக்சைடு அதே அணுக்களோடும் அதே ஆற்றலோடும்தான் இருந்தது. பழுப்புப் புட்டியில், குளிர்ந்த இருட்டில், மாதக்கணக்கில் அது அசையாமல் இருக்கும். கசிவதுபோல் மிக மெல்லச் சிதையும், அவ்வளவுதான். தடுப்பது கிளர்வு ஆற்றல் என்ற மேடு. தானாகச் சிதைய ஏறத்தாழ 75 கிலோ ஜூல் உயரத்தை ஏறிக் கடக்க வேண்டும். அயோடைடு காட்டும் வழியில் அது 56 அளவுக்கு இறங்குகிறது. ஏரி நிறைய நீர் நிற்கிறது, மடை திறக்கவில்லை. மடையைத் திறப்பவர் ஒரு துளி நீரையும் உண்டாக்குவதில்லை, நீர் பாயும் சரிவையும் அவர் வகுப்பதில்லை. ஆனாலும் வயல் நனைந்ததற்கு அவர் காரணமில்லை என்று எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள். பாலிலிருந்து தயிர் என்பதும் சற்காரியவாதத்தின் பழைய எடுத்துக்காட்டு. அங்கும் பேச்சில் பாலும் தயிரும் முன்னே வந்து நிற்க, உறைமோர் பின்னால் போய்விடுகிறது. உறை ஊற்றாத பால் என்ன ஆகும் என்பது அடுப்படியில் எல்லோருக்கும் தெரியும்.

ஐரோப்பிய வேதியியலுக்கும் இதே இடத்தில்தான் திகைப்பு வந்தது. 1818இல் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டறிந்த பிரெஞ்சு வேதியியலாளர் தெனார், பிளாட்டினம், வெள்ளி போன்ற உலோகங்களின் பொடி பட்டாலே அது சீறிச் சிதைவதையும், உலோகமோ மாறாமல் கிடப்பதையும் கவனித்தார். இரத்தத்திலுள்ள ஃபைப்ரினும் அதையே செய்தது. 1835இல் சுவீடனின் பெர்சீலியஸ் இத்தகைய வினைகளை ஒன்றாகத் திரட்டி, கட்டவிழ்த்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அவற்றுக்கு ஒரு பெயர் வைத்தார். நாம் வினையூக்கம் என்கிறோம். சில பொருள்கள் கிட்டே இருப்பதனாலேயே, தாம் எதுவும் கொடுக்காமலும் பெறாமலும், பிற பொருள்களில் உறங்கும் நாட்டத்தை எழுப்புகின்றன என்பது அவர் கருத்து. காரணமும் காரியமும் அளவில் சமம் என்று 1842இல் எழுதி ஆற்றல் அழியாமைக் கொள்கைக்கு வித்திட்ட ராபர்ட் மயர், 1876இல் மறுபடி பேனாவை எடுத்து வேறொரு வகைக் காரணத்தைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. வெடிமருந்துக் கிடங்கில் விழும் பொறிக்கும் வெடிப்புக்கும் எந்தச் சமமும் இல்லை. பொறி விடுவிக்கிறது, கொடுப்பதில்லை. ஆற்றல் கணக்கில் பொறிக்கு இடமே இல்லை, நடந்ததைச் சொல்லும்போதோ பொறியை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. காரணம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு பொருளைப் போட்டு வைத்திருக்கிறோம் என்பதை மயர் கண்டுகொண்டார்.

பெர்சீலியஸ் சொன்ன கருத்து நம் சமய நூல்களைப் படித்தவருக்கு அந்நியமாக இருக்காது. இரும்பை இழுக்கும் காந்தம் தான் அசைவதில்லை என்று சாங்கியர் ஆன்மாவாகிய புருடனுக்கு உவமை சொன்னார்கள். சைவ சித்தாந்தம் காரணத்தை மூன்றாகப் பிரித்தது: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். உடனே ஒரு கேள்வி எழும். உலகைத் தொழிற்படுத்தும் இறைவன் அந்தத் தொழிலால் மாறுபடமாட்டானா? அதற்குச் சொன்ன விடை கதிரவனும் தாமரையும். ஒரே வெயிலில் ஒரு மொட்டு அலர்கிறது, ஒன்று பக்குவப்படுகிறது, ஒன்று வாடுகிறது. ஞாயிற்றுக்கு எந்த விகாரமும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் மெய்கண்டார் அமைத்த மாளிகையின் முக்கியமான தூண் இந்த எண்ணம். தான் மாறாமல் பிறவற்றை மாற்றுவது என்பது மனித மனத்துக்குத் தீராத கவர்ச்சி உடையது. பள்ளிப் பாடநூலில் வினையூக்கியின் இலக்கணமும் அதே கவர்ச்சியோடுதான் எழுதப்படுகிறது: வேகத்தை மாற்றும், தான் மாறாது.

அந்த இலக்கணம் தொடக்கத்தையும் முடிவையும் பற்றியவரை உண்மை. நடுவில் நடப்பது வேறு. அயோடைடு அயனி தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. ஒரு பெராக்சைடு மூலக்கூறோடு மோதி அதன் ஆக்சிஜனைத் தானே வாங்கிக்கொண்டு ஹைப்போ அயோடைட்டாக மாறுகிறது. அங்கே ஒரு நீர் மூலக்கூறு பிரிகிறது. இந்தப் புதிய உருவில் இன்னொரு பெராக்சைடைச் சந்தித்து, ஆக்சிஜனை விட்டுவிட்டு மறுபடி அயோடைடாகிறது. மாறி, திரும்பி, மாறி, திரும்பி, இடைவிடாமல். கடைசியில் எடை போட்டால் ஏறத்தாழ அதே அளவு இருக்கும் என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று சொல்வது, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி இரவு அதே வீட்டுக்குத் திரும்பியவர் நாள் முழுக்க எங்கும் போகவில்லை என்பதைப் போன்றது. ஈஸ்ட்டிலும் நம் கல்லீரலிலும் இருக்கும் கேட்டலேஸ் நொதியும் அப்படித்தான். அதன் நடுவில் உள்ள இரும்பு முதல் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, இரண்டாவதால் பழைய நிலைக்கு மீள்கிறது. ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கான தடவை. நாளடைவில் பெராக்சைடே அந்த நொதியைப் பழுதாக்கியும்விடுகிறது. இவ்வளவு தூரம் போகாமலே கண்காட்சி மேசையில் சாட்சி இருக்கிறது. அயோடைடு போட்டு எழுப்பிய நுரை சுத்த வெள்ளையாக இருப்பதில்லை. ஆங்காங்கே மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருக்கும். அது அயோடின். வினைக்குள் போன ஊக்கியில் ஒரு பங்கு முழுதாகத் திரும்பி வரவில்லை என்பதற்கு அடையாளம்.

என் வாதம் இந்த மஞ்சளிலிருந்து தொடங்குகிறது. தொடாமல் நடத்திவைக்கும் காரணம் என்று ஒன்று வேதியியலுக்குத் தெரியாது. வழியைத் திறப்பதும் ஒரு செயல். திறப்பது எதுவோ அது வினைக்குள் இறங்கித்தான் திறக்கிறது. இது அயனிக்கும் நொதிக்கும் மட்டுமான செய்தி என்றால் இத்தனை பேச்சு வேண்டாம். அந்த மேசையருகே நிற்கும் மாணவி நாளை எந்த வேலைக்குப் போனாலும் இந்தக் கேள்வி அவளோடு போகும். திருப்பூரில் பின்னலாடைத் துணியைப் பெராக்சைடு போட்டுத்தான் வெளுக்கிறார்கள். வெளுத்தபின் துணியில் தங்கும் பெராக்சைடு சாயத்தைக் கெடுத்துவிடும் என்பதால் கேட்டலேஸ் சேர்த்து அதைச் சிதைக்கிறார்கள். குடுவையில் பொங்கியதே அங்கே ஆரவாரமில்லாமல் நடக்கிறது. துணியில் ஓர் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் அதே வினை அந்த ஒரு புள்ளியில் வெறிகொண்டு நடந்து துணியில் ஓட்டை விழும்; அதைத் தடுப்பதற்கென்றே சாயப்பட்டறையில் ஒரு வேதியியலாளர் வேண்டும். பால் அடைக்கும் அட்டைப்பெட்டியை நுண்ணுயிரில்லாமல் ஆக்குவதும் பெராக்சைடுதான். தடய அறிவியல் கூடத்தில் லூமினாலும் பெராக்சைடும் தெளித்தால், கழுவி மறைத்த இரத்தக்கறையின் இரும்பு வினையை ஊக்கி நீலமாக ஒளிரச் செய்கிறது. சோயுஸ் ராக்கெட்டின் எரிபொருள் இறைப்பான்களைச் சுழற்றுவது செறிவான பெராக்சைடு சிதைந்து எழும் நீராவியும் ஆக்சிஜனும். வேதியியல் படித்தால் என்ன வேலை என்று கேட்கும் பெற்றோருக்கு இத்தனை விடை இருக்கிறது. எல்லா விடையிலும் வேலை ஒன்றே: எந்த மடையை, எப்போது, எவ்வளவு திறப்பது.

இந்தத் தொழிலின் நன்மையும் தீமையும் ஒரே மனிதரிடம் கூடிய கதை ஃப்ரிட்ஸ் ஹேபருடையது. காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா துளித்துளியாகச் சொட்டுவதை 1909இல் அவர் காட்டினார். அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோகக் கார்ல் போஷும், மலிவான வினையூக்கி தேடி ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்த ஆல்வின் மிட்டாஷும் தேவைப்பட்டார்கள். சுவீடனின் ஓர் இரும்புத்தாதுவில் இயல்பாகவே கலந்திருந்த அசுத்தங்கள்தான் இரும்பைத் திறமான ஊக்கியாக்கின என்று மிட்டாஷ் குழு கண்டது. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலகின் சோற்றில் பெரும்பங்கு அந்த உரத்தில் விளைவது. அடுத்த ஆண்டே போர் வந்தது. அதே அம்மோனியா வெடிமருந்தாகவும் மாறியது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே களத்தில் குளோரின் வாயு திறந்துவிடப்பட்டபோது அந்த ஏற்பாட்டை முன்னின்று நடத்தியவர் ஹேபர். 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் அவருக்கே. எனக்கு இதில் அதிகம் பொருளுள்ளதாகத் தோன்றுவது மிட்டாஷின் பிற்கால வாழ்க்கை. இரும்பு ஊக்கியைக் கண்டவர் ஓய்வுக்குப் பின் தத்துவத்தின் பக்கம் திரும்பினார். வினையூக்கத்தையும் நியதிவாதத்தையும் பற்றி 1938இல் நூல் வெளியிட்டார், மயரின் காரணக் கோட்பாட்டைப் பற்றி இன்னொன்று. காரணமாவது என்றால் என்ன என்ற கேள்வி ஆய்வகக் கதவோடு நின்றுவிடவில்லை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. வினையூக்கி முடியாததை முடிப்பதில்லை. சமநிலை எங்கே அமையும் என்பதை அது இம்மியும் மாற்றாது. என்றோ நடக்கவிருந்ததை இன்று நடத்துகிறது, அவ்வளவே. வேதியியலாளரும் அப்படித்தான். அவர் செய்யாவிட்டால் இன்னொருவர் செய்திருப்பார். அறிவு பொது, பயன் பிறர் கையில். இதற்கு என் விடை: வேகம் என்பது உயிருள்ளவற்றுக்குச் சின்ன விஷயமல்ல. அதே பெராக்சைடு மாதக்கணக்கில் மெல்லச் சிதைந்தால் புட்டியின் மூடி லேசாக உப்பும். 2000 ஆகஸ்ட் 12 அன்று பாரன்ட்ஸ் கடலில் கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பலில் டார்பீடோவிலிருந்து கசிந்த பெராக்சைடு உலோகத்தோடு சேர்ந்து நொடியில் சிதைந்தபோது 118 பேர் மாண்டார்கள். வினைச் சமன்பாடு இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. தாளில் ஒன்றாக இருப்பவை வாழ்வில் வேறானவை என்றால், அந்த வேறுபாட்டை உண்டாக்குவது எதுவோ அதற்குக் காரணம் என்ற பெயர் முழுதாகப் பொருந்தும். எப்படியும் இன்னொருவர் செய்திருப்பார் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது நடக்காத ஒன்றைப் பற்றிய ஊகம். மடையில் கை வைத்தவர் இவர் என்பது நடந்த ஒன்று.

சமயத்திலிருந்தே வரும் மறுப்பும் இருக்கிறது. பகவத்கீதையின் பதினோராம் அத்தியாயத்தில், நடக்கப்போவது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, நீ நிமித்தம் மட்டுமாக இரு என்று அர்ச்சுனனுக்குச் சொல்லப்படுகிறதே. கருவியாக இருப்பதுதானே பக்தனின் பணிவு? இந்தச் சொல் பொறுப்பைக் கழற்றிவிடும் சொல்லாக நம்மிடையே புழங்குவது வருத்தம் தருகிறது. அதே நூல் முடிவதற்குள், சொன்னதையெல்லாம் ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்று தீர்மானத்தை அவனிடமே திருப்பிக் கொடுக்கிறது. வில்லுக்கு அப்படி யாரும் சொல்வதில்லை. சித்தாந்தத்தின் பாகுபாட்டில் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். பெராக்சைடு முதற்காரணம், அயோடைடு துணைக்காரணம், ஊற்றுகிற மாணவி நிமித்த காரணம். அறிவும் விருப்பும் உள்ளது எதுவோ அதற்கே அந்தப் பெயர். நான் வெறும் கருவி என்று சொல்லும் விஞ்ஞானி நிமித்த காரணத்தின் இடத்தைக் காலிசெய்துவிட்டுத் தண்டும் சக்கரமும் இருக்கும் இடத்தில் போய் உட்காரப் பார்க்கிறார். அங்கும் அவருக்கு நிழல் இல்லை. துணைக்காரணமே கறைபடாமல் மீள்வதில்லை என்பதைத்தான் நுரை காட்டியது.

அப்படியானால் கதிரவனும் தாமரையும் பொய்யா, குடுவையை வைத்துக்கொண்டு மெய்கண்டாரைத் திருத்துவதா என்று கேட்கலாம். திருத்தவில்லை. உவமை ஒரு புடையில் பொருந்துவது; பருப்பொருளுக்கு அப்பாற்பட்டதாகச் சொல்லப்படும் ஒன்றை அயனியின் நடத்தையைக் கொண்டு மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. மாறாமை இறைவனுக்கு உரிய இலக்கணம் என்று அந்த மரபு சொன்னது. மனிதன் அதைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கும் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. விகாரமில்லாதவன் என்று சிவனை நிறுவிய அதே மரபுதான் அவனை நீலகண்டன் என்றும் கறைமிடறன் என்றும் கூப்பிடுகிறது. பாற்கடலைக் கடைந்தபோது நுரைத்து வந்தது அமுதம் மட்டுமல்ல. ஆலகாலமும் அதே மத்தில், அதே கடைசலில் வந்தது. அதை வாங்கிக்கொண்டவன் கழுத்தில் கறை நின்றுவிட்டது. தத்துவம் அவனை மாற்றமில்லாதவன் என்று வாதித்து நிறுவிக்கொண்டிருந்தபோது, வழிபடுகிற மனம் அந்தக் கறையைத்தான் பெயராக வைத்துக் கூப்பிட்டது. இரண்டும் ஒரே கோயிலில் இருப்பதை முரண்பாடு என்று நான் எண்ணவில்லை. கடைசலில் இறங்கியவருக்கு அடையாளம் இருக்கும் என்பது அந்த மரபுக்கு எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறது.

இவ்வளவும் சொன்னால் பிள்ளைகள் வேதியியல் பக்கமே வரப் பயப்பட மாட்டார்களா? பயப்பட வேண்டியதில்லை. நம் உடலின் உயிரணுக்கள் ஒவ்வொரு மூச்சிலும் சிறிது பெராக்சைடை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. கேட்டலேஸ் உள்ளிட்ட நொதிகள் அதை அப்போதைக்கப்போதே சிதைக்கின்றன. பழுதான நொதிக்குப் பதில் புதிதாக ஒன்றைச் செல் கட்டிக்கொள்கிறது. ஈடுபடாமல் இருப்பது என்ற வழி உடலுக்கே இல்லை. பள்ளியில் வினையூக்கிக்கு இலக்கணம் எழுதும்போது, தான் மாறாது என்பதற்குப் பதில், மாறி மீளும் என்று எழுதினாலே போதும். அது கூடுதல் துல்லியமும்கூட. கண்காட்சி முடிந்து குடுவையைக் கழுவும்போது அந்த மாணவியின் கையுறையிலும் மஞ்சள் ஒட்டியிருக்கும். அடுத்த குழுவுக்குச் சோதனையைச் செய்துகாட்டும்போது, நுரை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம் அவள் அதையும் நீட்டிக் காட்டலாம்.